கையில் பணம் குறைவு... எந்தத் தனியார் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். "உங்க பொண்ணு மார்க்குக்கு ஐம்பது சதவீதம் ஸ்காலர்ஷிப் சார். இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா சீட் கன்ஃபார்ம்." மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் வீட்டுக்கு, பாதி ஃபீஸ் தள்ளுபடி என்றால் பெரிய விஷயம்தான். ஆனால் எதில் பாதி என்று கேட்டீர்களா?

தமிழகத்தில் சுயநிதி பொறியியல் கல்லூரியில் சேர இரண்டு வாசல்கள். ஒன்று, அரசு நடத்தும் ஒற்றைச் சாளர கவுன்சலிங். சிறுபான்மை அல்லாத கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் இதற்குத் தருகின்றன. மீதி, மேனேஜ்மென்ட் கோட்டா. அதே வகுப்பு, அதே பேராசிரியர், அதே டிகிரி. கட்டணம் மட்டும் வேறு.

2017இல் கட்டண நிர்ணயக் குழு முடிவுசெய்த தொகையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு கவுன்சலிங் வழியில் ஆண்டுக்கு ரூ.55,000, மேனேஜ்மென்ட் வழியில் ரூ.87,000. இப்போது கணக்கைப் போடுங்கள். போனில் சொன்ன பாதித் தள்ளுபடியில் முதல் ஆண்டு ரூ.43,500. இது பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டும், அல்லது "எல்லா செமஸ்டரிலும் இவ்வளவு மார்க் இருந்தால்" என்ற நிபந்தனையோடு வரும். அது நின்றுபோனால் அடுத்த மூன்று ஆண்டும் முழுத் தொகை. மொத்தம் ரூ.3,04,500. கவுன்சலிங்கில் வந்த முதல் பட்டதாரி மாணவருக்கு ரூ.25,000 சலுகை போக ஆண்டுக்கு ரூ.30,000. நான்கு ஆண்டுக்கு ரூ.1,20,000. தள்ளுபடி தருகிறேன் என்றவரிடம் போனால் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் கூடுதல் செலவு!

முதல் பட்டதாரி சலுகைக்குச் சாதி, வருமான வரம்பு எதுவும் இல்லை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் என யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அக்கா பி.காம் முடித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் (குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள்) 2018இல் வந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்லை. அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டுபவர்கள் இழப்பது இதைத்தான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கவனிக்க

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. இதில் கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே செலுத்தும். இது தெரியாமல், "அந்த காலேஜ் நமக்கு கட்டுப்படியாகாதுப்பா" என்று நல்ல கல்லூரிகளை விருப்பப் பட்டியலிலேயே போடாமல் விடும் குடும்பங்கள் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் வருபவர்கள் ஃபீஸைப் பார்த்துக் கல்லூரியைக் கழிக்கவே வேண்டாம். பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். இதுபோக, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்குக்கு வரும்.

மற்றவர்கள் விடுதிச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல கல்லூரிகளில் விடுதியும் சாப்பாடும் படிப்புக் கட்டணத்தையே தாண்டிவிடும். வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள, ஓரளவு நல்ல கல்லூரியை, 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கொஞ்சம் பெயர்பெற்ற கல்லூரிக்கு மேலே வைப்பதில் தப்பே இல்லை.

கடன் வாங்கத்தான் வேண்டுமென்றால்...

கல்விக் கடன் ரூ.4 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது. ரூ.7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. பலரும் கவனிக்காத ஒன்று, நீங்கள் தேர்வு செய்யும் கல்லூரியைப் பொறுத்து வட்டிச் சலுகையும் மாறும். குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் வட்டியை அரசே ஏற்கும் திட்டத்துக்கு, கல்லூரிக்கு நாக் அங்கீகாரம் அல்லது அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும். கல்லூரிக்கு இருக்கும் என்.பி.ஏ. எல்லாத் துறைக்கும் பொருந்தாது. மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ. படிப்புக்கு இருக்காது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் தரவரிசையில் முன்னணியில் உள்ள, முதலில் அறிவிக்கப்பட்ட 860 நிறுவனங்களை மையமாகக் கொண்டதே. சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சலிங்கிலேயே இல்லை. அங்கு கிடைப்பது பெரும்பாலும் மதிப்பெண்ணுக்கான தள்ளுபடி, வறுமைக்கானது அல்ல. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவும் தனியார் பல்கலைக்கழகங்களும் நாட்டில் இருக்கின்றன. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஹரியாணாவின் அசோகா ஆகியவை அப்படிப்பட்டவை. பொறியியல்தான் என்று பிடிவாதம் இல்லாதவர்கள் இவற்றை முயலலாம்.

கலை, அறிவியல் படிப்பென்றால் கல்லூரி அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி: "இந்த கோர்ஸ் எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?" பழைய அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் இரண்டு பிரிவிலும் இருக்கும். எய்டடில் சில ஆயிரங்களில் முடிவது, செல்ஃப் பைனான்ஸில் பல மடங்கு ஆகும். விண்ணப்பமும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியாச்சா? ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் ரூ.1,000 பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது. விலகும் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.