பெயர் சொல்லும் உரிமை

அறுபது ஆண்டுகளுக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கின் வயற்காட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை வயது தீர்மானிக்கவில்லை. நிலமும் சாதியும் தீர்மானித்தன. நிலத்துக்காரர் ‘அய்யா’. அவருடைய பத்து வயது மகன் ‘சின்னய்யா’. வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கும் எழுபது வயதுக் கிழவரை அந்தப் பையன், “ஏ கருப்பா, இங்க வா” என்பான். கிழவர் தோள் துண்டை இறக்கிக்கொண்டு வருவார். களத்துமேட்டில் நின்ற யாருக்கும் அது தவறாகப் பட்டதில்லை.

அதே கிழவர் தன் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அவரைப் பெயர் சொல்ல ஒரு வாய் துணியாது. அங்கே அவர் சீயான், மாமா, பெரியப்பா. அண்ணே, மதினி, அப்பத்தா என்று உறவு சொல்லிக் கூப்பிடுவதுதான் வீட்டு வழக்கம். ஊர் வழக்கமோ பட்டப்பெயர். தாத்தா பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகளுக்கு வைக்கிற ஊரில், ஒரே தெருவில் நான்கு கருப்பையாவும் மூன்று சுருளியும் இருப்பார்கள். ஆளைப் பிரித்துச் சொல்ல ‘மிலிட்டரி’, ‘டீக்கடை’, ‘லாரி’ என்று ஒட்டுப்பெயர் வேண்டியிருந்தது. இன்றும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இயற்பெயருக்குப் பக்கத்தில் பட்டப்பெயரையும் அச்சடித்தால்தான் இறந்தது யார் என்று ஊருக்குப் புரிகிறது. அதில் பாசம் உண்டு. ஆனால் நொண்டி, கட்டையன், ஊமையன் என்று உடம்பைக் குத்தி வைத்த பெயர்களும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தன. அவற்றைச் சுமந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

பெயரைச் சொல்வதே இழிவு என்று இந்த மண் நினைத்ததில்லை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த விவசாயிகள் இங்கே இருக்கிறார்கள். அவர் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி என்றால் ‘துரை’. இன்று அவர் பெயர் தெருவில் விளையாடும் பையனின் பெயர். வலித்த இடம் வேறு. ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்லலாம், அவர் திருப்பிச் சொல்லக் கூடாது என்ற ஒருவழிப் பாதைதான் வலித்தது.

அந்தப் பாதையை மறித்தவர்களில் இந்தப் பக்கத்து ஆட்களும் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அதற்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். ‘துரை’யும் ‘கங்காணி’யும் கோலோச்சிய தேயிலைத் தோட்டங்களுக்குக் கம்யூனிஸ்டுகள் ‘தோழர்’ என்ற விளியைக் கொண்டுபோனார்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார். தலைவரும் தோழர், கொழுந்து பறிப்பவரும் தோழர். சொன்னவருக்கே திருப்பிச் சொல்லக்கூடிய அழைப்பு அது.

அரசு அலுவலகத்தில் மாற்றம் வேறு வாசல் வழியாக வந்தது. கிராம மணியமும் கர்ணமும் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்தன. ‘மணியக்காரரய்யா’ என்ற மரியாதையும் வேலையோடு சேர்ந்தே மகனுக்குப் போனது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஊரார் ஒரு காலத்தில் பெயர் சொல்லி ஏவியவரின் பேத்தி அங்கே உட்கார்ந்திருந்தால், பட்டாவுக்கு வந்த பெரிய வீட்டுக்காரரும் “வி.ஏ.ஓ. மேடம்” என்றுதான் சொல்லியாக வேண்டும். ‘சார்’, ‘மேடம்’ எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன அடிமைப் பழக்கம் என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று தலைமுறை ‘வாடா’ கேட்ட குடும்பத்துக்கு அந்த ‘சார்’ படித்துச் சம்பாதித்த சொத்து. அதை விட்டுவிடச் சொல்வதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும்.

தொழிலுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்பதும் இந்த ஊருக்குப் பழகியதுதான். பண்ணைப்புரத்து ராசய்யாவை ‘ராஜா’ ஆக்கியவர் சென்னையில் இசை கற்றுக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது முன்னால் ‘இளைய’ சேர்த்தவர் பஞ்சு அருணாசலம். அல்லிநகரத்துச் சின்னசாமி பாரதிராஜா ஆனார். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உரிமை கூடவே வளர்ந்தவர்களுக்கு உண்டு; நேற்று அறிமுகமானவருக்குக் கிடையாது. அந்த எல்லையை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது தேனிப் பிள்ளைகள் பெங்களூருவிலும் சென்னையிலும் மென்பொருள் வேலை பார்க்கிறார்கள். அங்கே இருபது வயது மூத்த மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 2020 ஊரடங்கில் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தபோது, மகன் மேலதிகாரியிடம் வெறும் பெயர் சொல்லிப் பேசுவதைக் கேட்ட தாய்மார் பதறினார்கள். வேலை போய்விடுமோ என்று. பிள்ளைகளுக்கோ வேறு சங்கடம். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. படிவம் இரண்டு பெயர் கேட்பதால் அப்பா பெயர் முழுதாக ஏறிவிடுகிறது. சில நேரம் அதுவே முன்னால் வந்து நிற்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் நாள் முழுக்க அப்பா பெயரைச் சொல்லி அழைக்கிறார். அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கைகலப்பே வருகிற ஊரில் பிறந்தவர் புன்னகையோடு பதில் சொல்கிறார். முதல் நாளிலேயே “என் பெயர் இது, இப்படிக் கூப்பிடுங்கள்” என்று திருத்துவது துடுக்காகாது. அது அவருடைய உரிமை, கேட்டுக்கொள்வது எதிரே இருப்பவரின் கடமை.

கண்ணாடி அலுவலகத்தில் மேலாளரைப் பெயர் சொல்லும் அதே இளைஞர், அங்கே தரை துடைக்கும் அம்மாவின் பெயரைக் கேட்டதே இல்லை. நம் தேனி மாவட்டத்திலும் பழைய காலம் முழுதாக முடிந்துவிடவில்லை. விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டும் கம்பம்மெட்டும் கடந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள், மகன் வயதுக் கணக்கரிடம் “ஏ புள்ள” கேட்கிறார்கள். மருத்துவமனை வரிசையில் முதியவர்கள் ‘பெருசு’ ஆகிவிடுகிறார்கள். சட்டம் சில எல்லைகளைப் போட்டிருக்கிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் வெளிப்படையாகவே குற்றமாக்கியது. மாற்றுத்திறனாளியைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016 சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் ‘வா’ என்பதை ‘வாங்க’ ஆக்க எந்தச் சட்டமும் வராது.

எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்வது ஒரு வகைச் சமத்துவம். எல்லாருக்கும் ‘வாங்க, போங்க’ கொடுப்பது இன்னொரு வகை. இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம், கடைசி ஆள்வரை அது போய்ச் சேருமானால். வேலையிடத்தில் ஒருவரை எப்படி அழைக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சிரித்தாலும் பட்டப்பெயரை அவர் அனுமதியில்லாமல் அலுவலகத்துக்குள் கொண்டுவராதீர்கள். நீங்கள் அவரை அழைக்கிற விதத்தில் அவர் உங்களை அழைத்தால் தாங்குமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தாங்காது என்றால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். காவலாளியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் முதலில்.