எட்டு வாட்ச் ஏறும் ராட்டினம்

“உள்ளே எந்த சாமி சார்?” என்றார் ஆட்டோக்காரர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. போர்வை சுற்றி மடியில் வைத்திருந்த பெட்டியின் ஒரு பக்கம் விலகி, கண்ணாடிக் கதவும் பித்தளைப் பிடியும் தெரிந்தன. கண்ணாடி போல மின்னும் கறுப்பு பாலிஷ், மேலே எல்இடி பட்டை, உள்ளே வெல்வெட் விரித்த குட்டிக் குட்டி மாடங்கள். பூஜை மாடம் இல்லையென்று யார் சொல்வார்? “எட்டு சாமிண்ணே, எல்லாம் தன்னைத்தானே சுத்திக்கிற சாமி” என்று சொல்லிவைத்தேன். மயிலாப்பூர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் மனிதர் வண்டியை அலுங்காமல் இறக்கினார்.

மடியில் இருந்தது வைண்டர் கேபினெட். ஆட்டோமேட்டிக் வாட்ச்சுகளைக் கழற்றி வைத்தால் நின்றுபோகாமல் சுற்றிக்கொண்டே வைத்திருக்கும் அலமாரி. வாங்கியவர் ஒரு வாட்ச் பித்தர். தன் எட்டு வாட்ச்சுகளை உள்ளே நிரந்தரமாகக் குடியேற்றுவதற்கு முன், அவற்றையும் கொடுத்து, எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் ஒரு வாரம் சோதித்துத் தரச் சொல்லியிருந்தார். எடுபிடியாக நானும் வருகிறேன் என்று அண்ணனிடம் கெஞ்சி இடம் பிடித்திருந்தேன். முந்தின இரவு தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் என் வயது.

அண்ணனின் பட்டறை மாடவீதிக்குப் பின்னால் ஒரு மாடியறை. பெட்டியை மேஜையில் வைத்ததும் அவர் கதவைத் திறக்கவில்லை, பாலிஷைத் தடவவில்லை. நேராகப் பின்பக்கம் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். “முன்பக்கம் பணம் கொடுக்கறவருக்கு. நமக்குப் பின்பக்கம் போதும் தம்பி.”

அதற்குள் என் ஆர்வக்கோளாறு: இந்தப் பெட்டி ரோட்டரை எப்படிச் சுற்றும்? ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கு நாம் சாவி கொடுக்க வேண்டாம், கட்டியிருக்கிற கையே கொடுத்துவிடும் என்பது தெரிந்ததுதான். பின்மூடிக்குள் அரைவட்டத் தகடு ஒன்று, அதுதான் ரோட்டர், நடு அச்சில் தொங்குகிறது. கை ஆட அது ஆடும், அது ஆட மெயின்ஸ்பிரிங் இறுகும். 1920-களில் இங்கிலாந்துக்காரர் ஜான் ஹார்வுட் இந்த வித்தையைக் கைக்கடிகாரத்தில் புகுத்தி விற்றபோது தகடு முழு வட்டம் அடிக்காது. இரண்டு பக்கமும் இருந்த ஸ்பிரிங்கில் முட்டி முட்டித் திரும்பும். சாவியே தேவையில்லை என்ற தெம்பில் அவர் பக்கத்தில் திருகும் குமிழான கிரவுனையே எடுத்துவிட்டார். நேரம் திருத்த வேண்டுமா, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருக வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும். 1931-ல் ரோலெக்ஸின் ரோட்டர் முழு வட்டம் சுழல ஆரம்பித்தது.

அண்ணன் ஒரு வாட்ச்சின் பின்மூடியைக் கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, மெதுவாகச் சுற்றிக் காட்டினார். அடடா! ரோட்டர் சுற்றவே இல்லை. அது பாட்டுக்குத் தன் கனத்தில் கீழ்நோக்கித் தொங்குகிறது, வாட்ச்தான் அதைச் சுற்றி வருகிறது. தீவுத்திடல் பொருட்காட்சி ராட்டினத்தில் சக்கரம் சுற்ற, தொட்டில் மட்டும் நேராகத் தொங்கிக்கொண்டே வருமே, அப்படியேதான். அதனால்தான் நல்ல வைண்டர் வேகமாகச் சுற்றாது. வேகம் கூடினால் தொட்டிலும் சக்கரத்தோடு சேர்ந்து போய்விடும், ஸ்பிரிங்குக்கு ஒன்றும் சேராது. வாட்ச்சை மல்லாக்கப் படுக்கவைத்துச் சுற்றினாலும் வீண்.

பின்பலகை கழன்றது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலை முட்டிக்கொண்டது. வெளியே எட்டு மாடம், உள்ளே நாலே நாலு மோட்டார்! ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் இரண்டு ரப்பர் பெல்ட் கிளம்பி ஆளுக்கொரு வாட்ச் கிண்ணத்தைச் சுற்றுகிறது. ஜப்பான் மோட்டார் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். மோட்டாரில் எந்த நாட்டுப் பெயரும் இல்லை. அண்ணன் அதற்குச் சிரிக்கக்கூட இல்லை. பெல்ட்டைத்தான் விரலால் மீட்டிப் பார்த்தார். பெல்ட்டில் சத்தம் குறைவு, ஆனால் நம் ஊர் வெயிலில் நாளாக ஆக இளகும். பல்சக்கரம் இளகாது, சத்தம் போடும்.

நாலு மோட்டார் என்றால் இரண்டிரண்டு வாட்ச் ஒரே ஆட்டத்தை ஆடியாக வேண்டும். இங்கேதான் கல்யாணத் தரகர் வேலை ஆரம்பித்தது. எல்லா ரோட்டரும் ஒரே குணமில்லை. சீக்கோவின் 7எஸ்26-ம் ஈட்டிஏ 2824-ம் எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும் நல்ல பிள்ளைகள். வால்ஜூ 7750 என்ற கிரோனோகிராஃப் எந்திரம் ஒரு பக்கத்துக்குத்தான் ஏறும். மறுபக்கம் ரோட்டர் சும்மா கிறுகிறுவென்று ஓடும். கையில் கட்டியிருந்தால் வாட்ச் உதறுவதே தெரியும். மியோட்டா 8215-க்கும் ஒரே பக்கம்தான். ஆக, ஒருபக்கக்காரருக்கு இருபக்கக்காரரை ஜோடி சேர்த்து, திசையை ஒருபக்கக்காரர் இஷ்டத்துக்கு வைத்துவிட வேண்டும். பில் புத்தகத்தின் பின்னட்டையில் கட்டம் போட்டு எட்டு வாட்ச்சுக்கும் பொருத்தம் பார்த்தோம். சீக்கோவுக்கு இன்னொரு சலுகையும் தேவைப்பட்டது. அந்த 7எஸ்26-க்குக் கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. கையில் பிடித்துக் குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். மற்றவற்றுக்குக் கிரவுனை முப்பது நாற்பது தடவை திருகி, முழுச் சாவியோடு உள்ளே அனுப்பினோம். வைண்டர் வேலை நிரப்பியதை நிரப்பியபடி வைத்திருப்பது, செத்த வாட்ச்சை எழுப்புவது அல்ல.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதுதான் வைண்டரின் ஜாதகம். பெரும்பாலான வாட்ச்சுகளுக்கு 650-லிருந்து 800 வரை போதும். பெட்டியின் முதல் பொத்தான் ‘650’ என்றது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடிபோல ஒட்டி, போனில் வீடியோ எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். ஆறு விநாடிக்கு ஒரு சுற்று. இரண்டு நிமிடத்தில் 20 சுற்று. அப்புறம் 28 நிமிடம் ஓய்வு. மறுபடி 20. அரை மணிக்கு 20 என்றால் நாளைக்கு 960! பொத்தானில் 650, உள்ளே 960. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பெட்டி கணக்குப் பார்ப்பது நேரத்தைத்தான், சுற்றை அல்ல. 1834-ல் ஜெர்மனியின் ஹனாவ் நகரில் தொடங்கிய வுல்ஃப் போன்ற நிறுவனங்கள் சுற்றையே எண்ணுகிறோம் என்று சொல்லி விலை வைப்பது எதற்கென்று அப்போது புரிந்தது.

“அதிகம் சுத்தினா ஸ்பிரிங் அறுந்துடாதாண்ணே?”

அண்ணன் டப்பாவிலிருந்து மெயின்ஸ்பிரிங் குடியிருக்கும் ஒரு பழைய பேரலைத் திறந்து, தன் லூப் லென்ஸைக் கழற்றி என் கண்ணில் மாட்டினார். சுருளின் வெளி நுனியில் கொக்கி இல்லை. வளைந்த ஒரு பட்டை சுவரை அழுத்திப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். முழுச் சாவி ஏறியதும் அந்தப் பட்டை வழுக்கிவிடும். அறுந்துபோகாது. ஆனால் நாள் முழுக்க வழுக்கிக்கொண்டே இருந்தால் அங்கே பூசிய கிரீஸ்தான் தேயும். அதனால் நல்ல வைண்டரின் லட்சணம் சுற்றுவதில் இல்லை, சும்மா இருப்பதில் இருக்கிறது. இந்தப் பெட்டிகூட 960 சுற்றுக்கு உழைப்பது ஒரு மணி 36 நிமிடம்தான். மிச்சம் 22 மணி 24 நிமிடம் தூக்கம். இதற்கா இத்தனை பாலிஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு ஒரு குறும்பு செய்தோம். 7750-க்கு முழுச் சாவி கொடுத்து, வேண்டுமென்றே எதிர்த்திசையில் சுற்றவிட்டோம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பக்கத்து வாட்ச்சோடு சேர்ந்து ஜோராக ஆடிக்கொண்டிருக்கிறது. புதன் காலை கடை திறந்தபோதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. முள் மட்டும் விடியற்காலையிலேயே நின்றுபோயிருந்தது. வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி வரும் நின்றுபோன வாட்ச்சைப் பார்க்கிற வேடிக்கையை எப்படிச் சொல்ல!

நேர்மையான சோதனைக்கு 2824. மூன்று நாள் பெட்டியில் வைத்துவிட்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எடுத்து துடிப்பை அளக்கும் டைம்கிராஃபரின் மைக்கில் மாட்டினோம். பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டம் 285 டிகிரி. நல்ல சாவி இருக்கிறது என்று அர்த்தம். அதோடு விடவில்லை, மேஜையில் அசையாமல் போட்டுவைத்தோம். முழுச் சாவியில் அது 38 மணி நேரமாவது ஓட வேண்டும். ஞாயிறு இரவு ஒன்பதுக்கு அண்ணனுக்கு போன் போட்டேன். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே வாட்ச்சை வைத்திருந்தாராம். “ஓடுதுடா தம்பி, ஓடுது!” என்றார். வாழ்க்கையில் முதல்முறை என்னை ‘டா’ போட்டது அன்றைக்குத்தான்.

காந்தச் சோதனைக்காகப் பக்கத்துக் கடையில் ஒரு சின்ன திசைகாட்டி வாங்கிவந்திருந்தேன். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தறிகெட்டு முந்தும். மோட்டார் ஓடும்போது கிண்ணத்தில் வைத்தேன், முள் லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவே. ஏமாற்றத்தோடு வெளியே எடுக்கும்போது கதவோரம் வந்ததும் சர்ரென்று திரும்பி நின்றது. கதவு சாத்திக்கொள்ள வைத்திருந்த காந்தப் பூட்டு! மோட்டாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம், திருடன் வாசலிலேயே நின்றிருக்கிறான்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி தெரு அடங்கியபின் காதை வைத்தால் தூரத்துக் கொசுபோல ஒரு முனகல். படுக்கையறையில் வைக்கலாம், மனைவி தூங்கிய பிறகு வாங்கிவந்தால்.

கரண்ட் சோதனைதான் உச்சம். வெளிநாட்டு விமர்சகர்கள் இதைச் செய்வார்களோ என்னவோ, நமக்குத் தெரியும். எல்லா மோட்டாருக்கும் திசை வைத்துவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டோம். எல்இடி திருவிழாவாக எரிந்தது. நாலு மோட்டாரும் துள்ளி எழுந்து, சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்து, இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட ஆரம்பித்தன. பொருத்தம் பார்த்த கட்டமெல்லாம் அம்போ. ஒரு மின்தடை போதும், 7750-க்குக் கிடைப்பது பாதிச் சுற்று.

என்னைக் கேட்டால், இத்தனை பாடு எல்லா வாட்ச்சுக்கும் வேண்டியதில்லை. தேதி மட்டும் காட்டுகிற வாட்ச் நின்றால் திருத்த ஒரு நிமிடம். மாதம், லீப் வருடம், பிறை எல்லாம் சேர்ந்து காட்டும் நிரந்தர நாட்காட்டி வாட்ச் நின்றுபோனால்தான் ஆளை உட்காரவைத்து வேலை வாங்கும். இந்த எட்டில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று. மற்ற ஏழும் அதற்குத் துணைக்கு ராட்டினம் ஏறுகின்றன. அண்ணனுக்கு அதுவும் பிடிக்காது. “ஓடாம இருக்கற வாட்ச்சு தேயறதில்ல தம்பி.” அப்படிச் சொன்னாலும், போகிற போக்கில் பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார். நான் எண்ணியதில் ஒரு மத்தியானத்துக்கு நாலு தடவை.

கடைசி நாள் உரிமையாளருக்கு போன். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். காந்தப் பூட்டை எடுத்துவிட்டுச் சாதாரணக் கொக்கி போடுங்கள், யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், 650-க்கு மேல் பொத்தானைத் தொடாதீர்கள், மழைக்காலத்தில் தோல் ஸ்ட்ராப்பில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், ஜோடிக் கட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுமுனையில் உரிமையாளர் கவனமாக ம் கொட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரிங்க. அந்த லைட்டு மஞ்சளா இருக்கே, வெள்ளையா மாத்திக் கொடுப்பீங்களா?”

அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே பின்பலகைக்கு ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கொண்டிருந்தேன்.