தோட்டத்தில் திருடர்களா? 112-ல் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்!

‘எங்கள் கிணற்று மோட்டார் கேபிளை இரவில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாய் குரைக்கும் சத்தம் கேட்டு எழுந்து 100-க்கு போன் செய்தேன். போலீஸார் வருவதற்குள் திருடர்கள் தப்பிவிட்டார்கள். அவசரத்துக்கு எப்படித் தகவல் சொல்ல வேண்டும்?’ என்று திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இது பூச்சி, நோய் பற்றிய கேள்வி இல்லை. ஆனால், கேபிள் போனால் தண்ணீர் நிற்கும், பயிர் வாடும். எனவே விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அந்த வாசகரிடம் பேசியபோது, ‘மேலத்தோட்டத்துக் கிணத்துல திருடன்’ என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறார். ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். ஆனால், அவசர அழைப்பை எடுப்பவர் சென்னையில் உள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கலாம். அவருக்கு உங்கள் மேலத்தோட்டம் தெரியாது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு, நீங்கள் பதற்றத்தில் பதில் சொல்வதற்குள் நேரம் போய்விடும்.

எந்த எண்?

காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112 ஒரே எண். 100, 101, 108 ஆகிய பழைய எண்களையும் அழைக்கலாம். போனில் பேலன்ஸ் இல்லாவிட்டாலும் 112-க்குப் பேசலாம். திருட்டு நடந்துகொண்டிருந்தாலோ, யாருக்காவது ஆபத்து இருந்தாலோ உடனே அழையுங்கள். காலையில் போய்ப் பார்த்த பிறகுதான் திருட்டு தெரிகிறது என்றால், நேரே காவல் நிலையத்துக்குப் போகலாம்.

எப்படிச் சொல்வது?

மாவட்டம், தாலுகா, கிராமம், வழி என்ற வரிசையில் இடத்தைச் சொல்லுங்கள். பட்டாவில் உள்ள சர்வே எண்ணை வைத்து ரோந்து வண்டி வழி கண்டுபிடிக்க முடியாது. கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டிரான்ஸ்பார்மர் போன்ற அடையாளம்தான் உதவும். உதாரணமாக:

‘திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் தாலுகா, இன்ன கிராமம். பஸ் ஸ்டாப்பிலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர். மாரியம்மன் கோயிலைத் தாண்டி இடதுபக்க மண்பாதையில் இரண்டாவது கிணறு. இரண்டு பேர் கேபிளை அறுக்கிறார்கள். கையில் அரிவாள் இருக்கிறது. ஒரு பைக் நிற்கிறது. யாருக்கும் அடிபடவில்லை. நான் தள்ளி மறைவாக நிற்கிறேன்.’

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். பிறகும் லைனை ‘பிஸி’யாக வைக்காதீர்கள், ரோந்து வண்டியில் இருப்பவர்கள் வழி கேட்டு அழைக்கக்கூடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாரையாவது டார்ச் லைட்டுடன் தார் ரோட்டு முனையில் நிற்கச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

தனியாகப் போய்த் திருடனை மறிக்காதீர்கள். கேபிள் 500 அடி போனாலும் மறுபடி வாங்கலாம். ஆள் பிடிபட்டாலும் அடிக்காதீர்கள். அடித்தால் வழக்கு உங்கள்மீதே திரும்பும்.

அறுந்து கிடக்கும் கேபிளைத் தொடாதீர்கள். அதில் மின்சாரம் இருக்கலாம். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-க்கும் தகவல் சொல்லுங்கள். கால்தடம், டயர் தடம், விட்டுப்போன கத்தி ஆகியவற்றை போலீஸார் பார்க்கும்வரை கலைக்காமல் விடுங்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

புகார் எழுதும்போது

போன் செய்ததோடு வேலை முடிந்துவிடாது. எழுத்துப்பூர்வமான புகாரும் வேண்டும். இடம், நேரம், மோட்டாரின் குதிரைத்திறன், தகட்டில் உள்ள வரிசை எண், கேபிளின் நீளம் எல்லாவற்றையும் எழுதி, பில் நகலை இணையுங்கள். மாடு திருட்டு என்றால் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பலரும் பழைய இரும்புக் கடை விலையைப் போட்டு ‘ரெண்டாயிரம் இருக்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள். திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸார் புலன்விசாரணை செய்ய முடியாத வழக்காக அது மாறிவிடக்கூடும். அதனால் கூட்டாமல் குறைக்காமல், பில்லை வைத்து உண்மையான மதிப்பை எழுதுங்கள்.

புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பதிவு செய்ய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம்.

இன்றே செய்யுங்கள்

ஓர் அட்டையில் மாவட்டம், தாலுகா, கிராமம், தோட்டத்துக்கு வரும் வழி, மின் இணைப்பு எண், 112 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, மோட்டார் ரூமில் ஒன்று, வீட்டில் ஒன்று என மாட்டிவையுங்கள். வீட்டில் உள்ள பெண்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் போன் செய்யப்போவது அவர்களாகவும் இருக்கலாம்.