கருங்கல் தூளும் கியர்ப் பற்களும்

ஹைதராபாத் நகரம் அமர்ந்திருக்கும் கருங்கற்பாறையின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு என்று நிலவியல் அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். அப்பாறையில் விரவிக் கிடக்கும் குவார்ட்ஸ் என்னும் தாதுவின் கடினம், மோஸ் என்பவர் வகுத்த அளவுகோலில் 7 ஆகவும், நம் பேனாக்கத்தியின் எஃகு அதே கோலில் சுமார் 5.5 ஆகவும் இருக்கிறபடியால், இரண்டும் உராயும்போது தேய்வது எது என்பதற்குச் சாட்சி தேவையில்லை. காஜாகுடாக் குன்றுகளின் பாறை இடுக்குகளிலும் கண்டிப்பேட்டை ஏரியை ஒட்டிய மண்பாதைகளிலும் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர், செயினுக்கு இட்ட எண்ணெயில் இந்தத் தூளைக் குழைத்து, தம்மை அறியாமலே முதல்தரமான சாணைப்பசை ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறார். வெளிவட்டச் சாலையருகே 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட, சூரியமின் தகடுகளைக் கூரையாகக் கொண்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதையோடு நின்றுவிடுகிறவருக்கு இந்தச் சங்கடம் குறைவு.

குன்றிலும் மண்பாதையிலும் பல வருஷம் உழைத்த வண்டியில் கியர் சரியாக விழவில்லை என்றால், சாமானியமாக நாம் குற்றம் சாட்டுவது, செயினைப் பக்கவாட்டில் தள்ளிப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லர் என்ற உறுப்பைத்தான். கண்ணுக்குத் தெரியத் தொங்குவது அதுவல்லவா? கடைக்காரரும் அதிலுள்ள இரு திருகுகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். அத்திருகுகளோ, செயின் சக்கரக் கம்பிகளுக்குள் விழாமலும் சட்டத்தில் உரசாமலும் இரு எல்லைகளை வகுக்கின்றனவே ஒழிய, இடையிலுள்ள கியர்களோடு அவற்றுக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை.

ஜப்பானின் சன்டூர் நிறுவனம் 1964-இல், பல்சக்கர அடுக்கின் சரிவை அனுசரித்துச் சாய்வாக நகரும் டீரெய்லரை உருவாக்கிக் காப்புரிமை பெற்றது. அவ்வுரிமை 1980களின் நடுவில் காலாவதியானதும், ஷிமானோ நிறுவனம் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, 'கிளிக்' என்று படிப்படியாக நிற்கும் நெம்புகோலையும் அதனோடு சேர்த்தது. அதுவரை ஓட்டுகிறவரின் காதும் விரலும் தேடிக் கண்ட ஸ்தானத்தை, அதன்பின் கேபிளின் நீளமே நிர்ணயித்தது. எட்டுச் சக்கர அடுக்கில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 4.8 மில்லிமீட்டர், அதைக் கடக்க நெம்புகோல் இழுக்கும் கம்பி சுமார் 2.8 மில்லிமீட்டரே. ஆகவே, உறைக்குள் துருவும் தூளும் சேர்ந்து கம்பியை அரை மில்லிமீட்டர் தடுத்தாலும், டீரெய்லரிடத்தில் அது முக்கால் மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பிழையாகப் பெருகி, செயின் இரு சக்கரங்களுக்கிடையே தத்தளிக்கிறது. பழைய வண்டியில் முதலில் மாற்ற வேண்டியவை, இந்த நியாயத்தின்படி, மிக மலிவான பொருள்களாகிய கம்பியும் உறையும்தான். பிரேக் உறையை வெட்டி இதற்குப் போடுவது மட்டும் கூடாது. அது சுருள்கம்பியால் ஆனதாகையால் வளையும்போது நீளம் மாறும். கியர் உறையிலோ கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் அந்தச் சுருக்கம் நேருவதில்லை.

நெம்புகோலின் வயிற்றுக்குள்ளும் பழைய கிரீஸ் பிசினாக இறுகி, பற்களைப் பற்றும் சிறு கொக்கிகளை அசையவிடாமல் செய்துவிடும். பாழாயிற்றென்று எறிந்துவிடாமல், கரைப்பானை விட்டுக் கழுவி மெல்லிய எண்ணெய் இட்டால், பெரும்பாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

சாணைப்பசையின் உண்மையான இரை செயின். அதன் தகடுகள் இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் ஆணியும் அதைத் தழுவிய துவாரமும் கண்ணுக்குத் தெரியாத அளவு தேய, அத்தேய்மானங்களெல்லாம் சேர்ந்து நீளமாக வெளிப்படுகின்றன. ஆணிக்கும் ஆணிக்கும் அரை அங்குலம் என்பது உலகப் பொது அளவாதலால், 24 இடைவெளிகள் சரியாக ஓர் அடி இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலை வைத்து அளக்கையில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டதென்றால் பின்சக்கர அடுக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீண்ட செயின் பற்களின் மேற்புறம் ஏறி அமர்ந்து, அவற்றைத் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கும். அப்பற்களில் புதிய செயின் பொருந்தாமல், மேட்டில் மிதிக்கும் வேளையில் துள்ளி நழுவும்.

டீரெய்லரின் முறை இதற்கெல்லாம் பிறகுதான். அப்போதும், அது தொங்கும் அலுமினியக் காது பாறையில் மோதி வளைந்திருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துவிடுவது உத்தமம். காது கோணலாக இருந்தால் புதிய டீரெய்லரும் கோணலாகவே நிற்கும். கீல்கள் தளர்ந்து, கையால் ஆட்டினால் தாராளமாக ஆடுவதாயிருந்தால் மாற்ற வேண்டியதே. ஷிமானோவின் எட்டுச் சக்கர நெம்புகோலுக்கு அதே நிறுவனத்தின் ஒன்பது சக்கர மலைச் சைக்கிள் டீரெய்லர் தடையின்றிப் பொருந்தும். பத்துச் சக்கர மலைச் சைக்கிள்களுக்கு வந்தபோது கம்பி இழுப்பின் விகிதத்தையே அவர்கள் மாற்றிவிட்டபடியால், அந்தப் பத்துச் சக்கர டீரெய்லர் இதற்குப் பொருந்தாது.