பின்னால் வருபவன் கடமை

இலங்கைத்துறையைச் சேர்ந்த மீனவர் ஒருவருடைய மகன் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்தான். இலக்கணத்தில் நாட்டம் குறைவு, இயந்திரங்களில் மிகுதி. இப்பொழுது திருகோணமலை நகரில் ஒரு கராச்சில் வேலை செய்கிறான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இடக்கையைத் துணித்தூளியில் தாங்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். காறையெலும்பு முறிந்திருந்தது. எவ்வாறு நேர்ந்ததென வினவினேன்.

“மரியாதைக்கு ஒதுங்கினனான், ஐயா” என்றான்.

கராச் முதலாளியிடம் 125 கன சென்ரிமீற்றர் வலுவுடைய பழைய மோட்டோகுறொஸ் சைக்கிள் ஒன்று உண்டு. கந்தளாய்க்கு அப்பால் தனியார் ஒருவருடைய செம்மண் பயிற்சிப் பாதையில் அதனை ஓட்டிப் பழகுவதற்கு அவன் ஞாயிறுதோறும் போய்வந்தான். அன்று கைதேர்ந்த ஓட்டவீரர் சிலரும் அதே பாதையில், அதே வேளையில் ஓடிக்கொண்டிருந்தனர். பின்னாலே பேரொலியுடன் ஒரு வண்டி நெருங்குவதைக் கேட்டான். மூத்தவர், வல்லவர், வழிவிட வேண்டுமென்று எண்ணி இடப்புறம் ஒதுங்கினான். வந்தவரோ, இவன் வலப்புறமாகச் செல்வதைப் பார்த்து, இடப்புறமாகக் கடப்பதென முன்னமே தீர்மானித்து மேட்டிலிருந்து பாய்ந்துவிட்டார். ஆகாயத்தில் இருக்கும் வண்டியைத் திருப்புவது எவராலும் இயலாது. அவர் இறங்கிய இடத்தில் இவன் இருந்தான்.

இச்செய்தி என்னை வருத்தியதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. பெரியவர் வரும்போது ஒதுங்கி நில் என்று பள்ளிக்கூட விறாந்தையில் அவனுக்குப் பல்லாண்டு கற்பித்தவன் நான். அவன் என் பாடத்தை மறக்கவில்லை, அதுவே வினையாயிற்று.

இவ்விளையாட்டைப் பற்றி அதற்குமுன் நான் அறிந்தது சிறிது. பிறகு தேடி அறிந்தேன். மோட்டோகுறொஸ் என்பது பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் புணர்ந்த கலப்புப் பெயர். இங்கிலாந்தில் கம்பர்லி என்னுமிடத்தில் 1924-இல் நடந்த மேடுபள்ள ஓட்டப்போட்டியை இதன் தொடக்கமாகக் கொள்வர். 1957-இல் இது உலக வீரர் பட்டத்துக்குரிய போட்டியாயிற்று. நம் நாட்டில் மின்னேரியா, தியத்தலாவை, அநுராதபுரம் ஆகிய இடங்களில் இராணுவப் படைப்பிரிவுகளின் ஆதரவில் நடக்கும் சுப்பர் குறொஸ் போட்டிகளைப் பற்றி நேயர்கள் பத்திரிகைகளில் வாசித்திருப்பர்.

போட்டியில் ஓட்டவீரர் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டு, ஒரே வரிசையில் நின்று, ஒரே கணத்திற் புறப்படுவர். பயிற்சிப் பாதையிலோ நிலைமை வேறு. பாதைகள் மிகச் சில. வண்டியை ஏற்றி இறக்கும் செலவோ பெரிது. ஆகவே வந்தவரெல்லாம் வந்த வேளையிலேயே ஓட விரும்புவர். பத்து வயதுச் சிறுவன் 65 கன சென்ரிமீற்றர் வண்டியில் ஊர்ந்துகொண்டிருக்க, அவன் பின்னே 450 கன சென்ரிமீற்றர் வண்டியொன்று இடிபோல வரும். போட்டியிலும் பயிற்சியே இவ்வகையில் அபாயம் மிக்கது என்பது என் கருத்து. போட்டியில் எல்லாரும் எதிர்பார்ப்புடன் இருப்பர். பயிற்சியில் ஒருவன் கனவு காண்பான், இன்னொருவன் புதியதொரு பாய்ச்சலைச் சோதித்துப் பார்ப்பான்.

அபாயத்தின் உறைவிடம் பாய்மேடு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, 30 பாகைச் சரிவுள்ள மேட்டிலிருந்து எழுமாயின், காற்றுத் தடையை ஒதுக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ 17 மீற்றருக்கு அப்பால், ஒன்றரை வினாடிக்குச் சற்று முன்னே தரையைத் தொடும். என் நண்பரான கணித ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். புதியவன் மேட்டிலிருந்து பாய்வதில்லை. மெல்ல ஏறி மெல்ல இறங்குவான். ஏறி இறங்கியவனை அந்த மேடே மறைத்துவிடும். பாய்பவன் எழும் கணம்வரை அவனைக் காணான்; கண்டபின் செய்யத்தக்கதும் இல்லை. வில்லைவிட்டு நீங்கிய அம்பின் நிலை அது. இரு மேடுகளுக்கிடையே பள்ளம் விடாது மண்ணிட்டு நிரப்பி, மேசைபோற் சமப்படுத்திய மேடுகளே பலரும் பழகும் பாதைக்கு ஏற்றவை என்று அறிந்தோர் கூறுவதன் காரணம், பாய்ச்சல் குறைந்தவன் பள்ளத்தில் வீழாதிருப்பான் என்பதே. ஆனால் மறைவு அதனால் நீங்குவதில்லை.

எனவேதான் மேட்டருகே கொடியுடன் ஓர் ஆள் நிற்க வேண்டுமென விதித்தனர். மஞ்சட்கொடி வீசப்பட்டால் முன்னே யாரோ விழுந்துகிடக்கின்றார் என்பது பொருள். வேகம் தணிக்க வேண்டும், பாய்தலாகாது, முந்துதலும் ஆகாது. சிவப்பு, ஓட்டத்தையே நிறுத்துவது. நீலம், உன்னை ஒருவர் சுற்றுக் கணக்கில் முந்த வருகிறார் என்று அறிவிப்பது. நீலக்கொடியைக் கண்ட புதியவன் பதறித் திசைமாறுவதே பெரும்பிழை. அவன் தான் பிடித்த தடத்தை, அவர்கள் வழக்கில் ‘லைன்’ என்பதை, விடாது செல்ல வேண்டும். தடம் மாறாதவனை முந்துவது எளிது; மாறுபவனை முந்துவது சூதாட்டம். கடப்பதற்குரிய இடத்தையும் காலத்தையும் தெரிந்து கடக்கும் பொறுப்பு முழுவதும் பின்னால் வருபவனுடையது.

நம் வீதி வழக்கம் இதற்கு மாறானது. கண்டி வீதியில் பேருந்து பின்னால் நின்று ஊதினால், சைக்கிளில் போகும் நான் புல்லுக்குள் இறங்கிவிடுகிறேன். பேருந்து பாய்வதில்லையாதலின் அங்கே அது பொருந்தும்.

பையனுடைய தகப்பனாருக்கு இவ்விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஆசுபத்திரிக் கட்டிலருகே நின்று கதையைக் கேட்டவர், “பின்னால வாறவன்தானே விலத்த வேணும்? முன்னால போறவன் ஏன் ஆடினவன்?” என்றாராம். கடலிற் பிழைப்பவர் அவர். அவருடைய சட்டம் அதுவே. கடலில் மோதலைத் தடுப்பதற்கென 1972-இல் வகுக்கப்பட்ட சர்வதேச ஒழுங்குவிதிகளுள் 13-ஆம் விதி, முந்திச் செல்லும் கலமே முந்தப்படும் கலத்தினின்று விலகிச் செல்ல வேண்டுமெனக் கூறுகிறது. 17-ஆம் விதியோ, வழிவிடப்படும் கலம் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாதிருக்கக் கடவது என்கிறது. வழிவிட வேண்டிய கலம் தக்கவாறு விலகவில்லை என்பது தெளிவாகும் நிலையில் அதற்கு விலக்குண்டு. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வரும் கோதுமைக் கப்பலும் இவ்விதிக்கு உட்பட்டதே. பனிமலைச் சரிவுகளிற் சறுக்கி விளையாடுவோருக்கும் பின்னால் வருபவனே முன்னால் செல்பவனுக்குத் தீங்கு நேராத வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றே விதி. கடலும் பனியும் செம்மண்ணும் ஒரே முடிவுக்கு வந்தமை எனக்கு வியப்பாக இருந்தது.

அவர் ஆண்ட சொல்லும் என்னைச் சுட்டது. ‘விலத்துதல்’ என்பதைக் கொச்சையென்று கருதி, மாணவர் கட்டுரைகளில் சிவப்பு மையாற் கோடிட்டு ‘விலகுதல்’ எனத் திருத்துவது என் வழக்கம். இரண்டும் ஒன்றல்ல என்பது இப்போது தெரிகிறது. விலகுவோன் தன்னிடத்தை விட்டு நீங்குகிறான்; விலத்துவோன் பிறனுடைய இடத்தைத் தொடாது சுற்றிப் போகிறான். பையனுக்கு வேண்டியிருந்தது பின்னைய சொல். நான் கொடுத்ததோ முன்னையது.

கொடி இருந்தால் மட்டும் போதுமா? 2024 ஏப்ரல் 21-இல் தியத்தலாவைப் போட்டியில் கார் ஒன்று பாதையைவிட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் இறந்தனர். அதற்கு முன்னரே வேறொரு கார் பாதையோரம் கவிழ்ந்துகிடந்ததாகவும், எச்சரிக்கைச் சைகை காட்டப்பட்டதாகவும் செய்திகள் கூறின. அது கார்ப் போட்டி, பயிற்சியன்று. ஆயினும் மஞ்சள் நிறத்தைக் கண்டபின் வலக்காலைத் தளர்த்தும் பழக்கம் போட்டி நாளில் திடீரென வாய்ப்பதன்று. யாரும் பாராத பயிற்சிப் பாதையிலேதான் அது உடம்பில் ஊறவேண்டும்.

எலும்பு கூடி மூன்று மாதங்கள் சென்றபின் பையன் மறுபடியும் போகத் தொடங்கினான். தடுக்க எனக்கு உரிமையில்லை, ஒருநாள் உடன்போனேன். அங்கே ஓரளவு ஒழுங்கு செய்திருந்தனர். புதியவர், இடைப்பட்டவர், வல்லவர் என மூன்று குழுக்கள். குழுவொன்றுக்கு இருபது நிமிடம். சிறுவருக்குத் தனிவேளை. பாதைக்குள் நுழைய ஒரே இடம், அதுவும் வேகம் குறைந்த வளைவருகே. வெளியேறுபவன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். தம் முறைக்குக் காத்திருந்தோர் வேலியோரம் நின்று வல்லவர் ஓடுவதைப் பார்த்திருந்தனர். கலந்து ஓடினால்தான் கற்கலாம் என்பார்க்கு அக்காட்சியே விடை; திண்ணைப் பள்ளியிலும் இளையோர் மூத்தோர் பாடத்தைக் கேட்டே பாதி கற்றனர்.

குழுக்களாகப் பிரித்தும் ஏற்றத்தாழ்வு முற்றாக நீங்கவில்லை. புதியவருள்ளும் விரைவான ஒருவர் என் மாணவனை நெருங்கினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, தடமும் மாறவில்லை. வந்தவர் ஒரு வளைவு முழுவதும் பொறுத்துப் பின்தொடர்ந்து, நேர்ப்பாதையில் அகலமாகக் கடந்தார். “விலத்திப் போட்டார், ஐயா” என்று தலைக்கவசத்தைக் கழற்றியபடி பையன் சொன்னான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. மேடுகள் ஐந்து, கொடி பிடிக்க நால்வர். சும்மா நின்ற பண்டிதரைக் கண்டு என் கையிலும் ஒரு மஞ்சட்கொடியைத் தந்துவிட்டனர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி மேட்டின் ஓரத்தில் நின்றேன். பதினொன்றரை மணியளவில், சிறுவர்க்குரிய வேளையில், மேட்டுக்கு அப்பால் ஒருவன் சறுக்கி விழுந்தான். கைவலிக்கக் கொடியை வீசினேன். பின்னால் வந்த மூன்று சிறுவரும் பாயாது, ஒருவர்பின் ஒருவராக ஊர்ந்து ஏறி, அவனைச் சுற்றிக்கொண்டு போயினர். விழுந்தவன் எழுந்து, மண்ணைத் துப்பிவிட்டு, வண்டியை நிமிர்த்தினான்.