‘போயி மாத்திக்கலாம்’ என்ற பேச்சை நம்பலாமா?



கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, நாவலப்பிட்டி எந்தப் பக்கம் போனாலும் ஒரு லயத்தில் ஒரு வீட்டிலாவது வெளிநாட்டில் ஆள் இருக்கிறது. அம்மா குவைத்தில், அக்கா சவூதியில், மாமா டுபாயில் என்று சொல்லாத பிள்ளைகள் குறைவு. கொழுந்துச் சம்பளத்தில் அடைக்க முடியாத கடனை அடைக்கவும், பிள்ளையைப் படிக்க வைக்கவும், கூரைத் தகரம் மாற்றவும்தான் நம் ஆட்கள் போகிறார்கள். போவதைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. எப்படிப் போகிறோம், போன இடத்தில் எந்தக் கடதாசியோடு இருக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலோ, தோட்டத்துக் கடை வாசலிலோ உங்களில் பலர் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்: “இப்ப விசிட் விசாவில போங்க தங்கச்சி. அங்க போயி வேலை விசாவா மாத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க.” சொல்பவர் அநேகமாக நமக்குத் தெரிந்த ஆளாகவே இருப்பார். நல்ல சட்டை போட்டிருப்பார். வீட்டுக்கு வந்து டீ குடிப்பார். மாமியாரின் கையில் ஒரு தொகையும் கொடுத்துவிட்டுப் போவார். அவருடைய பேச்சில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசா என்றால் என்ன?

ஒரு நாட்டுக்குள் வருவதற்கும், அங்கே என்ன செய்யலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கும் அந்த நாடு கொடுக்கும் அனுமதிதான் விசா. விசிட் விசா என்றால் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு மட்டும். அதில் வேலை செய்தால், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது குற்றம். வேலை விசா வேறு. அதில் யாரிடம், என்ன வேலைக்குப் போகிறோம் என்று எழுதியிருக்கும்.

வளைகுடா நாடுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே வேலை விசா கொடுப்பது ‘கபீல்’ எனப்படும் முதலாளியின் பெயரில். அந்தக் கபீலின் வீட்டை விட்டு வெளியேறினால் விசாவும் அறுந்துபோகும். சில நாடுகள் அண்மைக் காலத்தில் இந்த முறையைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு அந்தத் தளர்வு பல இடங்களில் முழுதாகக் கிடைப்பதில்லை.

இது நமக்குப் புதிதா? யோசித்துப் பாருங்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சின்னக் கடதாசி அது. அந்தத் துண்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாறிப் போக முடியாது. அடுத்த தோட்டம் கடனைக் கட்டினால்தான் ஆள் கைமாறும். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணி முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்ததையும் நாம் மறக்கவில்லை. இன்று மாமியார் கையில் வைக்கப்படும் அந்தத் தொகையும் ஒரு முற்பணம்தான். “வேலை சரியில்ல, திரும்பி வாறேன்” என்று பிள்ளை சொல்லும்போது அந்தக் காசைத்தான் முதலில் கேட்பார்கள்.

விசிட் விசாவில் போனால் என்ன ஆகும்?

முதலாவது, போகிற ஆள் விமான நிலையத்திலேயே பொய் சொல்ல வேண்டும். “சொந்தக்காரரைப் பார்க்கப் போறேன்” என்று சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். அந்த நிமிடத்தில் இருந்து அவர் தரகரின் கையில். ஏனென்றால் நாளைக்கு ஏதாவது நடந்தால், “நீயும்தானே பொய் சொன்னாய்” என்று வாயை மூடிவிடலாம்.

இரண்டாவது, அவருடைய பெயர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் இருக்காது. இந்தப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அதில் பதிந்து போகிறவருக்கு வேலை ஒப்பந்தம் உண்டு, காப்புறுதி உண்டு, பிள்ளைகளின் படிப்புக்குப் புலமைப்பரிசில் உதவி உண்டு. முக்கியமாக, அவர் எந்த நாட்டில் எந்த வீட்டில் இருக்கிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். பதியாமல் போனவரைத் தேட ஆரம்பிக்கவே ஒரு விலாசம் இருக்காது.

மூன்றாவது, தண்டப்பணம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் விசா முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் தண்டம். கணக்குப் போடுவோம். 6 மாதம், அதாவது 180 நாள் தங்கினால் 9,000 திர்ஹம். ஒரு திர்ஹம் 80 ரூபாய் என்று வைத்தாலும் 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். உழைக்கப் போன காசு எங்கே? வீட்டுக்கு வருவதற்கே வட்டிக்கு வாங்க வேண்டும்.

நான்காவது, ஆளையே கைமாற்றுவது. 2022 நவம்பரில் நாடே பேசிய விஷயம் இது. விசிட் விசாவில் டுபாய்க்கும் ஓமானுக்கும் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே அடைத்து வைக்கப்பட்டு விலை பேசப்பட்டார்கள் என்ற முறைப்பாடுகளை இரகசியப் பொலிஸார் விசாரித்தார்கள். பல பெண்கள் மஸ்கட்டில் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் காத்திருந்தார்கள். அவர்களிடமும் யாரோ ஒருவர் “போயி மாத்திக்கலாம்” என்றுதான் சொல்லியிருப்பார்.

இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஏ.எல். படித்த பையன்களைக் ‘கம்பியூட்டர் வேலை’ என்று சொல்லி தாய்லாந்து வழியாகக் கொண்டுபோய், மியன்மாரின் மியாவாடி பக்கத்து முகாம்களில் அடைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். 2023, 2024ஆம் ஆண்டுகளில் அப்படிச் சிக்கிய இலங்கையர் பலர் மீட்கப்பட்டார்கள். போகும்போது கையில் இருந்தது சுற்றுலா விசா.

வயதை மாற்றினால் என்ன ஆகும்?

இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் எழுதப்பட்டிருந்தது 1982 பெப்ரவரி 2. குடும்ப வறுமைக்காக 2005 மே மாதத்தில் சவூதிக்குப் போனார். போன அந்த மாதத்திலேயே அவர் பார்த்துக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்றார் ரிசானா. கொலை என்றது வழக்கு. அப்போது அவருக்கு 17 வயது.

18 வயதுக்குக் குறைந்தவர் செய்த குற்றத்துக்கு மரணதண்டனை கூடாது என்பது சிறுவர் உரிமைச் சர்வதேச உடன்படிக்கை. சவூதியும் அதில் சேர்ந்த நாடுதான். ஆனால் அந்நாட்டு அதிகாரிகள் கடவுச்சீட்டில் இருந்த வயதையே ஏற்றார்கள். 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. பெற்றோரும் அரசாங்கமும் உலக அமைப்புகளும் கெஞ்சியும், 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது.

வேலைக்கு அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று எழுதிய ஒரு பொய்த் திகதி, கடைசியில் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய உண்மையை மறைத்துவிட்டது. பொய் எழுதியவர்கள் அங்கே தண்டனைக்கு நிற்கவில்லை.

நம் தோட்டங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறொரு எழுத்து. “இதச் சரி பண்ண நாளாகும், அக்காவோட சேர்ட்டிபிக்கட்ல போ” என்று தரகர் சொல்வார். வேண்டாம். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிழையைத் திருத்தலாம். அலைச்சல்தான், ஒன்றிரண்டு நாள் பேரும் போகும். ஆனால் அடுத்தவர் பெயரில் போன ஆளுக்கு அங்கே சம்பளம் பாக்கி வந்தாலும், நோய் வந்தாலும், உயிரே போனாலும், “இது எங்கள் பிள்ளை” என்று வீட்டார் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

‘வெளியே பாய்ந்து’ உழைப்பது

“வீட்டுக்குள்ள 30 ஆயிரம் கூடக் கிடைக்காது. வெளிய பாஞ்சா ரெண்டு மடங்கு” என்றும் சொல்வார்கள். ‘ஃப்ரீ விசா’ என்று ஒன்றையும் விற்கிறார்கள். அப்படி ஒரு விசா எந்தச் சட்டத்திலும் இல்லை. பெயருக்கு ஒரு கபீல், வேலை வேறு இடத்தில். அவ்வளவுதான்.

கபீல் “என் வேலைக்காரி ஓடிவிட்டாள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த நாளோடு நீங்கள் அனுமதி இல்லாதவர். சவூதியில் இதை ‘ஹுரூப்’ என்பார்கள். வீதியில் சோதனை நடந்தால் பிடிபடலாம். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். புது முதலாளி மூன்று மாதச் சம்பளம் தராவிட்டாலும் பொலிஸுக்குப் போகப் பயம். அந்தப் பயத்தைத்தான் அவர் இலாபமாக எடுக்கிறார். பழைய கபீல் வேண்டுமென்றே திருட்டுப் பழி போட்டால் அந்த வழக்கு முடியும்வரை நாட்டுக்கு வரவும் முடியாது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடி, உதை, பட்டினி, மானத்துக்கு ஆபத்து என்று வந்தால் அந்த வீட்டில் பொறுத்துக்கொண்டு கிடக்கச் சொல்லி நாம் எழுதவில்லை. வெளியேறுங்கள். ஆனால் தெரிந்த அக்கா சொன்ன இன்னொரு வேலைக்குப் போகாமல், நேராக இலங்கைத் தூதரகத்துக்கு, அல்லது பக்கத்துப் பொலிஸுக்குப் போங்கள். உயிருக்குப் பயந்து வெளியேறியவரையும் காசுக்காகப் பாய்ந்தவரையும் பிரித்துக் காட்டுவது அந்த முதல் முறைப்பாடுதான்.

பொதுமன்னிப்பு வரும் என்று இருக்கலாமா?

சில நாடுகள் இடைக்கிடை பொதுமன்னிப்புக் கொடுக்கின்றன. குவைத் 2024 மார்ச் 17 முதல் ஜூன் மாதம் வரை கொடுத்தது. ஐக்கிய அரபு இராச்சியம் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை கொடுத்தது. தண்டம் கட்டாமல் ஊருக்கு வரவோ, விசாவைச் சரிசெய்யவோ அதில் வாய்ப்பு இருந்தது. ஆனால் இது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருட்டு, கடன் போன்ற வழக்குகள் அதனால் அழிவதும் இல்லை. வந்தால் பயன்படுத்துங்கள். அதை நம்பிச் சட்டத்தை மீறாதீர்கள்.

இந்தியாவுக்குப் போகும் குடும்பங்களுக்கும் இதே கதைதான். கொத்தகிரி, கூடலூர், குன்னூர் பக்கம் நமக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் போய்வருகிறோம். சுற்றுலா விசாவில் போனவர் அங்கே கொழுந்து எடுத்தாலும் கடையில் நின்றாலும் அது விசா மீறல். சொந்தம் வேறு, விசா வேறு.

போகுமுன் செய்ய வேண்டியவை

ஏஜென்சிக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். தரகரின் வாய்ப் பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். ‘விசிட்’, ‘டூரிஸ்ட்’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், ஏஜென்சி ரசீது எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். கபீலின் பெயரும் போன் நம்பரும் அதோடு இருக்கட்டும். போன இடத்தில் முதலாளி கடவுச்சீட்டை வாங்கி வைப்பதைப் பல வளைகுடா நாடுகளின் சட்டமே அனுமதிக்கவில்லை.

விசா முடியும் திகதியை வீட்டுக் கலண்டரிலும் குறித்து வையுங்கள். போனில் பேசும்போது “சம்பளம் போட்டாங்களா” என்று கேட்பதோடு, “விசா புதுப்பிச்சாங்களா” என்றும் கேளுங்கள்.

ஏற்கனவே விசா முடிந்து அங்கே இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நாள் போகப் போகத் தண்டம்தான் கூடும். தூதரகத்தின் தொழிலாளர் பிரிவோடு அவரைப் பேசச் சொல்லுங்கள். இங்கிருந்து நீங்கள் பணியகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

நாம் கடதாசியின் அருமை தெரிந்த சனம். 1948இல் ஒரு சட்டத்தால் நம் முன்னோர் நாடற்றவர் ஆனார்கள். ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கினார்கள். 1964இல் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டு, நம்மைக் கேட்காமலே நம்மைப் பிரித்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, குடியுரிமைக் கடதாசி இல்லாத ஆட்கள் நம் லயங்களில் இருந்தார்கள். அன்று கடதாசி இல்லாமல் போனது நம் குற்றம் அல்ல. இன்று கையில் இருக்கும் கடவுச்சீட்டை ஒரு தரகரின் பேச்சுக்காகப் பொய்யாக்கிக்கொண்டு, இன்னொரு நாட்டில் மறுபடியும் அனுமதியில்லாத ஆளாக ஒளிந்து வாழ வேண்டுமா?

இன்று இரவு சாப்பிட்டு முடித்த பிறகு இதை வீட்டில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள். வெளிநாடு போக நினைக்கும் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த முறை அந்த நல்ல சட்டைக்காரர் டீ குடிக்க வரும்போது, விசாவை மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்க அவருக்குத் தைரியம் வரும்.