முதலாளி நல்லவர்தான், ஆனால் பேர் எங்கே?



சில வாரங்களுக்கு முன் பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போயிருந்தோம். லயத்து வீட்டு அஞ்சடியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பது இருக்கும். இடது கையைத் துணியால் கட்டிக் கழுத்திலே தொங்கவிட்டிருந்தார்கள். நம்மைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காருங்க அண்ணே. கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டோம்.

"குலை வெட்டும்போது மட்டை சரிஞ்சு தோள் மேல விழுந்திருச்சுங்க ஐயா. எலும்பு முறிஞ்சு போச்சு. மூணு மாசத்துக்கு வேலை கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"சொக்சோவுக்கு எழுதிப் போட்டாச்சா?"

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "அதெல்லாம் எங்களுக்கு இல்லீங்க. நாங்க தோட்டத்து ஆளு இல்லே, கண்ட்ராக்ட் ஆளு. ஆனா முதலாளி ரொம்ப நல்லவருங்க. ஆஸ்பத்திரிக்கே வந்து பாத்தாரு. கையிலே 300 வெள்ளி வச்சிட்டுப் போனாரு."

கதவோரம் நின்ற அந்தம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது மெதுவாகச் சொன்னார்: "300 வெள்ளி மூணு மாசத்துக்கு எப்படிங்க காணும்? சின்னவ இன்னும் பள்ளிக்கூடம் போறா."

அந்த ஒரு கேள்விதான் இன்று நம்மை எழுத வைத்திருக்கிறது.

தயவு வேறு, உரிமை வேறு

கண்ட்ராக்ட் முதலாளி கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவரையும் பிறகு சந்தித்தோம். அவரும் ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர்தான். இன்று ஒரு லோரி, எட்டு ஆட்கள், கொஞ்சம் கடன், இவ்வளவுதான் அவருடைய சொத்து. "நம்ம சனந்தானே சார்! ஆத்திர அவசரத்துக்கு நான் பாக்காம வேற யாரு பாப்பா? சொக்சோ, ஈ.பி.எஃப். எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

அவர் மனசார நம்பிச் சொன்ன சொல் அது. ஆனால் அந்த நம்பிக்கை தவறு.

மனிதனுடைய தயவு அவன் சட்டைப் பையைப் பொறுத்தது. பையிலே இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போவான். சட்டம் கொடுப்பது அப்படியல்ல. அது கேட்டு வாங்க வேண்டிய உரிமை. 300 வெள்ளியை வாங்கியவர் "நல்ல மனுசன்" என்று நன்றியோடு வாயை மூடிக்கொண்டார். அந்த நன்றியினாலேயே ஆயிரக்கணக்கான வெள்ளி கைநழுவிப் போக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் வேலையிலே அடிபட்டவருக்கு 1952ஆம் ஆண்டு தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இருந்தது. பிறகு 1969இல் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை நடத்துவதற்காக 1971இல் ஏற்பட்டதுதான் நாம் சொக்சோ என்றும் பெர்கேசோ என்றும் சொல்லும் நிறுவனம். தொடக்கத்தில் ஐந்து ஆட்களும் அதற்கு மேலும் வைத்திருந்த முதலாளிகளுக்கே அது பொருந்தியது. 1992 முதல் ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் பதிந்தாக வேண்டும். லோரி கண்ட்ராக்டர், புல் வெட்டும் கண்ட்ராக்டர், தோட்டத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர், மோட்டார் பட்டறைக்காரர் எல்லாரும் இதில் அடக்கம்.

வேலைக்கு ஆள் வைத்த 30 நாளுக்குள் முதலாளி பதிய வேண்டும். மாதாமாதம் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பாக்கிக்கு வட்டி ஏறும். வழக்குக்குப் போனால் 10,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

"நான் மாதச் சம்பளக்காரன் இல்லை, டன் கணக்குக்கு வெட்டுகிறேன்" என்று சிலர் தாங்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. நாள் கூலியானாலும் டன் கூலியானாலும் அது கூலிதான். ஒரு முதலாளியின் கீழ் ஆளாக நின்று வேலை செய்தால் அவர் தொழிலாளிதான். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் சட்டப்படி வந்து நம்மோடு தோளோடு தோள் நின்று உழைக்கும் அந்நியத் தொழிலாளரும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் நம் மக்கள் நன்றாக மனதில் பதிக்க வேண்டும். தோட்டத்தின் வழக்கமான வேலையைத் தோட்டத்து மண்ணிலேயே கண்ட்ராக்டர் மூலமாகச் செய்தாலும், சந்தாவுக்குத் தோட்ட நிர்வாகத்தையும் பொறுப்பாக்குகிறது இந்தச் சட்டம். தலைமை முதலாளி, நேரடி முதலாளி என்று இரண்டு பேரைச் சட்டம் சொல்கிறது. ஆகவே "அது கண்ட்ராக்டர் ஆளு, எங்களுக்குத் தெரியாது" என்று தோட்டத்து ஆபீசில் கிராணி சொன்னால், அதோடு பேச்சு முடிந்துவிட்டது என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாதம் 1,700 வெள்ளி கூலி வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சொக்சோவின் இரண்டு திட்டங்களுக்கும், அதாவது வேலை விபத்துக்கும் உடல் முடியாமை ஓய்வூதியத்துக்கும், முதலாளி கட்டுவது 1.75 விழுக்காடு. இவருக்கு அது மாதம் 29 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. உடல் முடியாமைத் திட்டத்துக்குத் தொழிலாளி கட்டுவது அரை விழுக்காடு, அதாவது 8 வெள்ளி 25 காசு. 60 வயதைத் தாண்டியும் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு விபத்துத் திட்டம் மட்டும் உண்டு. அதற்கான 1.25 விழுக்காட்டை முதலாளியே கட்ட வேண்டும்.

ஆக, ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டில் முதலாளிக்கு ஆகும் செலவு 350 வெள்ளிக்குள். நமது நண்பருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்!

வரவைப் பாருங்கள். வேலையிலே அடிபட்டு, விபத்து நடந்த நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாமல் டாக்டர் மெடிக்கல் சீட்டு கொடுத்தால், சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். இவருக்கு அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 44 வெள்ளி. 90 நாளுக்குக் கணக்குப் போட்டால் 3,900 வெள்ளிக்கு மேல். வைத்தியச் செலவையும் சொக்சோ ஏற்றுக்கொள்ளும்.

கை கால் நிரந்தரமாக ஊனமானால் மருத்துவ வாரியம் எத்தனை விழுக்காடு ஊனம் என்று முடிவு சொல்லும். 20 விழுக்காடு வரையில் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மீதியை ஆயுள் வரைக்கும் மாதாமாதம் பெறலாம். உயிரே போய்விட்டால், ஆபத்தில் போனவரின் நாள் கூலியில் 90 விழுக்காட்டைக் கணக்காக வைத்து, அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும் ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

இத்தனையும் எந்தச் சின்ன முதலாளியின் சட்டைப் பையிலிருந்து வரும்? எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் முடியாது. ஆகவேதான் சொல்கிறோம், சொக்சோ கட்டுவது முதலாளிக்கும் பாதுகாப்பு. சொக்சோவில் உள்ள தொழிலாளி அதே வேலை விபத்துக்காக முதலாளி மேல் தனியாக நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்பது சட்டம். பெரிய விபத்து ஒன்று நடந்தால் லோரியை விற்றுக் கொடுக்க வேண்டிய நிலை அவருக்கு வராது. இதைக் கேட்டபோதுதான் அந்தக் கண்ட்ராக்டர் அண்ணன் நாற்காலியை நமக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போகிற வழியும் வேலையே

இன்று நம் மக்களில் பலர் லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வருகிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் நேர்வழியில் போகும்போது அடிபட்டால் அதுவும் வேலை விபத்துதான். சாப்பாட்டு வேளையில் சாப்பிடப் போகும் வழியில் அடிபட்டாலும் அப்படியே. ஆனால் வேலை முடிந்து சொந்தக் காரியமாக வேறு பக்கம் திரும்பி, அங்கே விழுந்தால் அது சேராது. சாலை விபத்தானால் போலீஸ் புகார் கொடுக்க மறந்துவிடக் கூடாது.

சேமநிதியை மறந்துவிடாதீர்கள்

ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே தோட்டத்து மக்களுக்குத் தெரிந்த பெயர். 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. இதையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். முதலாளி பங்கைத் தொழிலாளியின் கூலியிலே பிடிப்பது குற்றம். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வதும் குற்றம்.

சம்பளச் சீட்டில் பிடித்ததாகப் போட்டிருந்தால் மட்டும் போதாது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டிலே படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். கைப்பேசியிலேயே சேமநிதிக் கணக்கைத் திறந்து காட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டால் செய்ய வேண்டியவை

ஒன்று, அன்றைக்கே தண்டலிடமோ கண்ட்ராக்டரிடமோ சொல்லிவிட வேண்டும். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும்.

இரண்டு, டாக்டரிடம் "வேலையிலே அடிபட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "வீட்டிலே விழுந்தேன்னு சொல்லிடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலே எழுதியது பின்னாலே பேசும்.

மூன்று, மெடிக்கல் சீட்டு, மருந்துச் சீட்டு ஒன்றையும் வீசாதீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார் என்று குறித்து வையுங்கள்.

நான்கு, முதலாளி பேர் பதியவில்லை என்பதற்காக உரிமை செத்துவிடாது. பதிய வேண்டியது அவர் கடமை, உங்கள் குற்றமல்ல. நேரே சொக்சோ அலுவலகத்துக்குப் போய் முறையிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சங்கத்துத் தோழர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

"வேலை செஞ்சதுக்கு என்ன அத்தாட்சி?"

நமது நண்பரின் பிரச்னையும் இங்கேதான் சிக்கிக்கொண்டது. சம்பளச் சீட்டு இல்லை. கூலி எல்லாம் ரொக்கம். அந்தத் தோட்டத்தில் அவர் வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே என்று நாமும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அந்தம்மா உள்ளே போய் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். தினமும் ராத்திரி, "இன்னைக்கு எத்தனை குலைப்பா?" என்று சின்ன மகள் கேட்பாளாம். அப்பா சொல்லச் சொல்ல தேதி போட்டு எழுதி வைப்பாளாம். எந்த நிரை, எத்தனை குலை, எத்தனை வெள்ளி எல்லாம் இருந்தது. கண்ட்ராக்டர் குறைத்துக் கொடுத்துவிடக் கூடாதே என்பதற்காகத் தொடங்கிய கணக்கு அது. இன்று அதுவே அப்பாவுக்குச் சாட்சி!

கண்ட்ராக்டரும் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானே ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன் அண்ணே. பாக்கி எவ்வளவு வந்தாலும் கட்டிர்றேன்" என்றார். மறு வாரம் இருவரும் ஒன்றாகவே போய்ப் பாரங்களைக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டின் நகலையும் கூடவே வைத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மற்ற ஏழு பேரின் பெயரையும் அன்றைக்கே பதிந்துவிட்டதாகக் கண்ட்ராக்டர் நமக்குச் சொன்னார்.

பெருமக்களே! விபத்து நடந்த பிறகு பேரைத் தேடுவதைவிட, நடப்பதற்கு முன்னே கேட்பது எவ்வளவோ மேல். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நாளைக் காலையில் லோரியில் ஏறுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, சொக்சோவிலே எங்க பேரு இருக்கா?"

நல்ல முதலாளியாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அன்றைக்கே சொக்சோ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.